கைகாட்டி நிறுத்தம்

ஆடி பிறந்த வாரத்தில், முதல் சிறுதேர்வின் விடைத்தாள்கள் கொடுக்கப்பட்டுப் பிள்ளைகள் மதிப்பெண் வரிசைப்படி இடம் மாறி உட்கார்ந்த திங்கட்கிழமை, மேலச்சிந்தாமடை நடுநிலைப்பள்ளியின் ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் அதற்கு முந்தைய பெஞ்சுக்கும் நடுவே ஓர் ஆள் படுத்துக்கொள்ளும் அளவுக்கு இடம் விழுந்திருந்தது. அடுத்த வாரம் அந்த இடத்தில் ஒரு மாட்டுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தலாம் போலிருந்தது. அதற்கடுத்த வாரம் வகுப்பின் பின்சுவர், கூரையையும் சன்னல்களையும் கூடவே இழுத்துக்கொண்டு, பள்ளியின் மதிலைத் தாண்டிச் சங்கரபாண்டியின் உளுந்துக் காட்டுக்குள் போய் நின்றது.

தலைமையாசிரியர் அருளானந்தம் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். சுவர் சுவராகத்தான் இருந்தது. விரிசல் இல்லை, ஒழுக்கும் இல்லை.

“கட்டட நிதி கேட்டு வருஷா வருஷம் எழுதுதேன், ஒரு செங்கல் வரலை. கேக்காம ஒண்ணு தானா வளருதுன்னா நான் எதுக்கு டீச்சர் வாயைத் திறக்கணும்?” என்று கணக்கு டீச்சரிடம் சொல்லிவிட்டு, இத்தனை சுவருக்கும் வெள்ளையடிக்க யார் பணம் தருவார்கள் என்ற ஒரே கவலையோடு அவர் தம் அறைக்குத் திரும்பினார். கிராம நிர்வாக அலுவலர் அளவுச் சங்கிலியோடு வந்தார். அவர் அளந்துகொண்டிருக்கும்போதே அறை இன்னும் கொஞ்சம் நீண்டது. சங்கிலியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மழைக்காலம் முடியட்டும் என்று போய்விட்டார். சங்கரபாண்டி மட்டும் ஒரு நாள் சண்டைக்கு வந்தார்; வந்தவர், சுவரின் கிழக்குப்புறம் தம் ஆடுகள் எல்லாம் நிழலுக்கு ஒதுங்கி அசைபோடுவதைக் கண்டதும் சண்டையை மறந்து அங்கேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.

அந்த வகுப்புக்குக் கணக்கு நடத்தியவள் செண்பகவடிவு. கரும்பலகையில் கோடு போட அளவுகோல் தேவைப்படாத கை அவளுக்கு. பதினெட்டு வருடச் சர்வீசில் ஒரு நாளும் மணி அடித்தபின் வகுப்புக்குள் நுழைந்ததில்லை. ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறக்கும் நாளில், வெள்ளை அட்டையில் தன் கையாலேயே விதிகளை எழுதிக் கரும்பலகைக்கு வலப்பக்கம் மாட்டுவாள். நோட்டில் இடப்பக்கம் துணைக் கணக்கு, வலப்பக்கம் வழிமுறையோடு விடை. வழிமுறை இல்லாத விடைக்கு மதிப்பெண் இல்லை. ஒவ்வொரு சிறுதேர்வுக்குப் பின்னும் மதிப்பெண் வரிசைப்படி இடம். சந்தேகம் இருந்தால் கையை உயர்த்த வேண்டும். ஆசிரியை பெயர் சொல்லி அழைக்கும்வரை பேசக் கூடாது. உயர்த்திய கையை, அழைக்கும்வரை இறக்கவும் கூடாது. கடைசி விதியை அவள் மிகவும் யோசித்துச் சேர்த்திருந்தாள். விளையாட்டுக்குக் கையைத் தூக்குவதும், எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் பல்லைக் காட்டிக்கொண்டு இறக்குவதுமாக இருந்த பிள்ளைகள், அந்த விதி வந்தபின் அடங்கிப் போனார்கள். கேட்பதற்கு முன்னால் யோசிக்கக் கற்றுக்கொண்டார்கள் என்று அவள் பெற்றோர் கூட்டத்தில் சொன்னாள், பெற்றோரும் தலையாட்டினார்கள்.

பின்சுவர் மதிலைத் தாண்டிய அந்த வாரத்தில்தான் அவள் குறை எண்களின் பெருக்கலை நடத்தினாள். குறையைக் குறையால் பெருக்கினால் மிகை என்று எழுதி அடிக்கோடு இட்டுத் திரும்பியபோது, கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்திருந்தது. பெண் கை, நாலைந்து பச்சைக் கண்ணாடி வளையல்கள் முழங்கையை நோக்கிச் சரிந்திருந்தன. செண்பகவடிவு அதைப் பார்த்தாள். மணி அடிக்கப் போகிற நேரம். பாடத்தில் இன்னும் ஒரு பயிற்சி பாக்கி. கடைசி பெஞ்சிலிருந்து வரும் சந்தேகம் எப்படியிருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும், தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்லவேண்டிய சந்தேகமாக இருக்கும். நாளைக்கு, என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் கை அங்கேயே இருந்தது, சற்றே தள்ளி. மறுநாளும் நாளைக்கு என்று நினைத்துக்கொண்டாள். அந்த வாரம் முடிவதற்குள் வளையல்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. ஆவணியில் கை ஒரு குச்சியாயிற்று. புரட்டாசியில் வெயில் அலையாடும் அறையின் மறுகோடியில் ஒரு சிறு கோடு மட்டும் நின்றது, அதை மின்கம்பம் என்று நினைத்துக்கொள்வது எளிதாக இருந்தது, அவளும் அப்படியே நினைத்துக்கொண்டாள்.

ஊர் எதற்கும் பழகிக்கொள்ளும், இதற்கும் பழகிக்கொண்டது. செண்பகவடிவு சொன்னதை முதல் பெஞ்சுக்காரர்கள் இரண்டாம் பெஞ்சுக்குச் சொல்ல, அவர்கள் மூன்றாம் பெஞ்சுக்குச் சொல்ல, காலையில் புறப்பட்ட வாய்ப்பாடு சாயங்காலம் நடு பெஞ்சுகளைத் தொட்டு, மறுநாள் விடிந்தபின் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது. வருகைப் பதிவுக்கு அவள் எண்ணைக் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ என்ற சொல் அடுத்த நாள் வந்து சேரும், ஆதலால் பின்பகுதிப் பிள்ளைகள் எப்போதும் முந்தின நாள்தான் பள்ளியில் இருந்தார்கள். நான்காம் பெஞ்சை அடுத்து ஒருவர் டீக்கடை போட்டார். மழை தொட்டுவிடாத இடம் என்று பெண்கள் மிளகாய் வற்றலை அங்கே உள்ளே கொண்டுவந்து உலர்த்தினார்கள். கார்த்திகை மழையில் சிந்தாமடைக் கால்வாய் பெருகி வகுப்பின் குறுக்கே பாய, நடு பெஞ்சுப் பிள்ளைகள் புத்தகப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காலையில் அவ்வளவு தூரம் நடந்தால் பாடம் முடிந்துவிடும் என்பதால், பின்பகுதிப் பிள்ளைகள் அவரவர் ஊர்ப்பக்கச் சன்னல் வழியாக ஏறி உள்ளே குதித்துக்கொள்ளத் தலைமையாசிரியர் அனுமதி கொடுத்தார்.

“ஒரு வகையில நல்லதுதான் டீச்சர்,” என்றார் அவர். “முந்தி காட்டுப்பத்து ஊர்லேர்ந்து புள்ளைக அம்புட்டுத் தூரம் நடந்து வரும். இப்போ பள்ளிக்கூடமே அதுக வீட்டு வாசல்ல போயி நிக்கி.”

அதில் ஒரு நியாயம் இருப்பதுபோல் செண்பகவடிவுக்குப் பட்டது. அவ்வாறு பட்டதை நினைத்துப் பின்னாளில் அவள் இரவுச் சோற்றைத் தள்ளிவைத்திருக்கிறாள்.

அதைவிட வெட்கக்கேடான ஒன்றும் இருந்தது. வகுப்பு அமைதியாயிற்று. முன்னால் இருந்த இருபது பேரும் அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் எழுதிவிடக் கூடியவர்கள். பாடம் உரிய காலத்துக்கு முன்பே முடிந்தது. பின்பகுதியின் விடைத்தாள்கள் தரவரிசை ஒட்டப்பட்ட பிறகே வந்து சேர்ந்ததால் அவர்கள் தேர்வுக்கு வராதவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள், வராதவர்களுக்குச் சுழியம், சுழியத்துக்கு இன்னும் பின்னால் இடம். வராதவர்களைக் கழித்துப் பார்த்தால் தேர்ச்சி விகிதம் முழுதாக வந்தது. ஆசிரியர் தினத்தன்று பெற்றோர் சங்கத்தார் முதல் பெஞ்சின் முன்னால் நாற்காலி போட்டு, அவளுக்குச் சரிகைக்கரை வைத்த பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டும்போது அவள் தற்செயலாக நிமிர்ந்தாள்; கைதட்டாத ஒரு கை, தொலைவில், குச்சியாக நின்றது. கூச்சத்தால் தலையைக் குனிந்துகொண்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

தை மாதத்தில், காட்டுப்பத்தைத் தாண்டி இருக்கும் ஓர் ஊரில் அவளுடைய சின்னம்மை மகளுக்கு நிச்சயதார்த்தம். பட்டுச்சேலை கட்டி, மடியில் பூச்சரப் பொட்டலத்தோடு, செண்பகவடிவு நகரப் பேருந்தின் முன்பகுதியில் உட்கார்ந்திருந்தாள். நிழற்குடையோ பலகையோ இல்லாத ஓரிடத்தில் வண்டி நின்றது. பீடித்தட்டும் கூடையுமாக ஏழெட்டுப் பெண்கள் ஏறினார்கள்.

“இங்க எப்போ ஸ்டாப்பு வந்துச்சு?” என்று அவள் நடத்துநரிடம் கேட்டாள்.

“இது கைகாட்டி ஸ்டாப்பு டீச்சர். நாலஞ்சு மாசமா நிக்கி.”

“மனு கொடுத்தா வாங்கினாங்க?”

நடத்துநர் சிரித்தார். “மனுவா! இந்த ஊருக்காரவுக மனு கொடுத்துக் கொடுத்தே கிழடாகிப் போனாவ, ஒரு பய நிறுத்தலை. பள்ளிக்கூடத்துப் புள்ள கை காட்டினா வண்டிய நிறுத்தாமப் போகக்கூடாதுன்னு எங்க மேனேஜர் உத்தரவு. அந்தா பாருங்க, ஒரு புள்ள கையைக் காட்டிக்கிட்டே இருக்கு. ஏறவும் மாட்டேங்கு, இறக்கவும் மாட்டேங்கு. நாங்களும் நிறுத்திக்கிட்டே இருக்கோம்.”

ஏறிய பெண்களில் ஒருத்தி, “அது வண்டிக்குக் காட்டுத கை இல்லய்யா, டீச்சருக்குக் காட்டுத கை,” என்றாள், டிக்கெட்டுக்குச் சில்லறை தேடியபடி. “டீச்சருக்குக் கண்ணு தெரியலை போலுக்கு. உங்களுக்காவது தெரியுதே.”

பேருந்து முழுக்கச் சிரித்தது. செண்பகவடிவு சன்னல் வழியே பார்த்தாள். சாலையோரமாகவே ஓடி வந்திருந்த தன் வகுப்பின் நீண்ட சுவரில், கடைசிச் சன்னலுக்குள், பச்சை வளையல்கள் முழங்கையில் கிடக்க, மெலிந்த ஒரு கை மேல் நோக்கி நின்றது. சட்டையின் அந்தப் பக்கத்துத் தையலைப் பிரித்து, கை தூக்கியபடியே இருக்கத் தோதாக வேறு துணி வைத்துத் தைத்திருந்தார்கள். அவள் இறங்கவேண்டும் என்று எழுந்தாள். மடியில் பூ இருந்தது, பட்டுச்சேலை கட்டியிருந்தாள், இந்தப் பெண்களின் நடுவே இறங்கினால், அந்தக் கண்ணு தெரியாத டீச்சர் யார் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

“எறங்குதியளா டீச்சர்?” என்றார் நடத்துநர்.

“இல்லை,” என்று உட்கார்ந்துகொண்டாள்.

நிச்சயதார்த்த வீட்டில் இலையில் வைத்த அப்பளம் நமுத்துப்போகும்வரை அவள் கையை வைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் அக்கா கணக்கு வாத்தியார், ரொம்பக் கண்டிப்பு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை வழிபாடு முடிந்ததும், அவள் வகுப்புக்கு வந்து, வழக்கம்போல் தேதி எழுதி, சாக்குக்கட்டியை வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, பெஞ்சுகளுக்கு நடுவே இறங்கி நடக்கத் தொடங்கினாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஹரிணி, “டீச்சர், எங்க போறீங்க? இன்னிக்கு டெஸ்ட்டு,” என்றாள். பேருந்தில் போனால் செண்பகவடிவு அந்தச் சன்னலை வெகு விரைவில் அடைந்திருக்கலாம். ஆனால் இந்த நீளத்தைப் போட்டவள் அவள். இதை நடக்காமல் போய்ச் சேர்ந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நடந்தாள். டீக்கடைக்காரர், “என்ன டீச்சர், இன்ஸ்பெக்ஷனா?” என்று பெஞ்சைத் துடைத்துப் போட்டார். மிளகாய் காயப்போட்டிருந்த பெண்கள் அவளுக்கு வழிவிட்டுப் பாயைச் சுருட்டினார்கள். கால்வாய்க்கு அப்பால் இருந்த பெஞ்சுகளில் பிள்ளைகள் முந்தைய பாடத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். வாய்மாறி வாய்மாறி வந்ததில் அது வேறொரு கணக்காக ஆகியிருந்தது, அந்தக் கணக்கை அவர்கள் அழகாக, இடப்பக்கம் துணைக் கணக்கும் வலப்பக்கம் வழிமுறையுமாக, அடிக்கோடு இட்டு எழுதியிருந்தார்கள். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். வகுப்புக்குள் யார் வந்தாலும் எழுந்து நிற்கவேண்டும் என்பதும் ஒரு விதி. யார் வந்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இன்னும் உள்ளே போகப் போக, அவள் முகத்தை மறந்த பிள்ளைகள் இருந்தார்கள், அவளைப் பார்த்ததே இல்லையோ என்று ஐயப்படும்படி விழித்த பிள்ளைகளும் இருந்தார்கள்; ஒருத்தி பக்கத்துப் பெண்ணிடம், “ஏட்டி, சத்துணவுக்கு வந்த புது டீச்சரா?” என்று முணுமுணுத்தாள். செண்பகவடிவு காதில் விழாததுபோல் நடந்தாள். செருப்பின் வார் அறுந்தது. செருப்பைக் கழற்றி ஒரு தூணோரம் வைத்துவிட்டு நடந்தாள்.

வெயில் சாய்ந்து சன்னல்கள் மேற்கே மஞ்சளானபோது கடைசி பெஞ்ச் வந்தது.

அந்தப் பெண் தலையைக் குனிந்து இடக்கையால் எழுதிக்கொண்டிருந்தாள். வலக்கை மேலே இருந்தது. விரல்கள் நீலம் பாரித்து, யாருடையதோ என்பதுபோல் அசையாமல் நின்றன. அவளுக்குப் பின்னால் சன்னலுக்கு வெளியே, மடியில் பீடித்தட்டை வைத்து இலை சுருட்டியபடி அவள் அம்மா செல்லக்கனி உட்கார்ந்திருந்தாள்; முந்தின நாள் பேருந்தில் சில்லறை தேடியவள். காலடி கேட்டுச் சிறுமி எழுந்து நின்றாள். கூப்பிடவில்லையாதலால் எதுவும் பேசவில்லை.

செண்பகவடிவு வாயைத் திறந்தாள். பெயரைச் சொல்லி அழைத்தால் போதும், கை இறங்கிவிடும், அவள் எழுதிய விதி அதுதான். அவளுக்கு அந்தப் பெண்ணின் பதிவெண் தெரிந்தது. சுழியங்கள் தெரிந்தன. எத்தனை நாள் வந்தாள், எத்தனை நாள் வராதவளாக எழுதப்பட்டாள் என்பதும் நினைவிருந்தது. பெயர் வரவில்லை. அவள் நின்றாள், பிள்ளை நின்றது, சன்னலுக்கு வெளியே பீடி சுருட்டும் விரல்கள் நின்றன.

“பேரு தெரியலையா டீச்சர்?” என்றாள் செல்லக்கனி. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். வழி தெரியாமல் வந்தவரிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

“தெரியலைம்மா.”

“இசக்கிப்ரியா.”

“இசக்கிப்ரியா,” என்று செண்பகவடிவு அழைத்தாள். வகுப்பில் அழைப்பதுபோல் இன்னொரு முறை அழைத்தாள். “இசக்கிப்ரியா. சொல்லும்மா. என்ன சந்தேகம்?”

“கையை இறக்கிக்கிடட்டுமா டீச்சர்?”

“இறக்கிக்கோ. இறக்கிக்கோம்மா. சந்தேகம் என்னன்னு சொல்லு.”

“அது விளங்கிட்டு டீச்சர். ரெண்டு குறையைப் பெருக்கினா எப்படி மிகையாவும்னு கேக்க நெனச்சேன். ஆவணியிலயே நானே போட்டுப் பாத்துட்டேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்புறம் கைதான் இருந்துச்சு,” என்றாள்.

கை தானாக இறங்கவில்லை. செண்பகவடிவு பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தோளிலிருந்து நீவிக்கொடுத்தாள்; செல்லக்கனி வீட்டுக்குள் போய் வேப்பெண்ணெய் சுடவைத்துக் கொண்டுவந்து சன்னல் வழியாக நீட்டினாள். எண்ணெய் தேய்த்து, விரல்விரலாகச் சொடுக்கெடுத்து, அழுகிறாளா என்று முகத்தைப் பார்த்துப் பார்த்து, ஒரு வாய்ப்பாட்டைச் சொல்லி முடிக்கும் நேரத்துக்கு ஒரு விரற்கடையாகக் கை கீழே வந்தது. பிள்ளை அழவில்லை. வளையல்கள் முழங்கையிலிருந்து வழுக்கி மணிக்கட்டில் வந்து விழுந்தபோது மட்டும், அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டுத் தன் கையையே பார்த்தாள்.

“இவ்வளவு நாளும் நீங்க ஏம்மா வந்து சொல்லலை?” என்று செண்பகவடிவு கேட்டாள். கேட்ட உடனேயே, அந்தக் கேள்வியை யாரைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்டோம் என்று அவளுக்கே விளங்கியது.

செல்லக்கனி எண்ணெய்க் கிண்ணத்தைத் துணியால் துடைத்தாள். துடைத்து முடித்தபின்னும் துடைத்தாள். “வரணும்னுதான் இருந்தேன் டீச்சர். புரட்டாசியில ஒரு நாள் கெளம்பிட்டேன். அப்போதான் வண்டி நிக்க ஆரம்பிச்சிருந்துச்சு.” சாலைப்பக்கம் பார்த்தாள். “பீடியைச் சுமந்துக்கிட்டுக் கம்பெனிக்கு வேகாத வெயில்ல நடப்போம். மாசமா இருக்கவளும் நடப்பா. ஊருல எல்லாரும் வந்து, கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுமே செல்லக்கனி, உன் புள்ள கையால நமக்கு ஒரு வண்டி கெடைச்சிருக்கேன்னாவ. நானும் அந்த வண்டியிலதான் போனேன் டீச்சர். தெனமும் போனேன்.”

இசக்கிப்ரியா இறங்கிய கையை மடியில் வைத்து, இடக்கையால் அதை மூடிக்கொண்டாள்.

சாயங்கால வண்டியின் சத்தம் கேட்டது. சாலையோரம் கூடைகளோடு பெண்கள் கூடியிருந்தார்கள். பேருந்து வேகத்தைக் குறைக்காமல் வந்தது, ஓட்டுநர் பழக்கத்தில் சன்னலைப் பார்த்தார், கை இல்லை, வண்டி அதே வேகத்தில் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போயிற்று. பெண்கள் வண்டியைத் திட்டவில்லை. சன்னலைப் பார்த்தார்கள், உள்ளே எண்ணெய் மினுங்கும் கையை மடியில் வைத்திருந்த பிள்ளையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கூடைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். இசக்கிப்ரியாவின் தோள் மெல்ல அசைந்தது. கை மறுபடி மடியிலிருந்து எழப்பார்த்தது.

“வேண்டாம்,” என்றாள் செண்பகவடிவு. “நீ உட்காரு.”

அவள் எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பிள்ளைகள் ஏறி இறங்கித் தேய்ந்த அந்தச் சன்னலில் காலை வைத்து, பெண்கள் பார்க்க வெளியே குதித்தாள். செருப்பில்லாத காலில் சரளை குத்திற்று. சாலையோரம் போய் நின்று, சாக்குக்கட்டி பிடித்த வலக்கையை, நேராக, விரல் நுனிவரை நீட்டி உயர்த்தினாள்.

“அடுத்த வண்டி வர ரொம்ப நேரமாகும் டீச்சர்,” என்றாள் கூடைக்காரி ஒருத்தி, மெதுவாக.

“வரட்டும்.”

மேற்கே சாலை வெறுமையாகக் கிடந்தது. பெண்கள் தலையில் ஏற்றிய கூடைகளை இறக்குவதா நடப்பதா என்று தெரியாமல் அவளைச் சுற்றி நின்றார்கள். சன்னலுக்குள்ளிருந்து இசக்கிப்ரியா பார்த்துக்கொண்டிருந்தாள். செண்பகவடிவு கையை உயர்த்தி நெடுநேரம் ஆகவில்லை, ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிக்கும் நேரம்கூட ஆகியிராது. அதற்குள் தோளில் எரிச்சல் தொடங்கி, முழங்கையில் நடுக்கமாக இறங்கி, விரல்கள் ஒவ்வொன்றாக மரத்துப்போவது அவளுக்குத் தெரிந்தது.